புது மீன் தொட்டியில் பைப் இணைப்பு ஒழுகினால்: இறுக்கும் முன் கழற்றிப் பாருங்கள்

உங்கள் கேள்வி இதுதான். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் புதுத் தொட்டி, கீழே கேபினெட்டுக்குள் சம்ப், அதாவது மேலிருந்து இறங்கும் தண்ணீரை வாங்கிப் பம்பு வழியாகத் திருப்பி அனுப்பும் சிறு தொட்டி. தண்ணீர் நிரப்பிப் பம்பைப் போட்ட அன்றே மூன்று இடத்தில் ஒழுகல். ஓவர்ஃப்ளோ பெட்டிக்கு (தொட்டி மூலையில் தண்ணீர் வழிந்து இறங்கும் தடுப்பு) அடியில், கண்ணாடித் துளையில் பூட்டிய டேங்க் நிப்பிளின் நட்டைச் சுற்றி ஒன்று, தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பைப்பில் ஒட்டிய எல்போவில் ஒன்று, அதற்கு மேலே பால் வால்வின் மரையில் ஒன்று. தொட்டி விற்றவர் மூன்றின் மேலும் எம்சீல் (பிசைந்து ஒட்டும் பசை) வைக்கச் சொல்கிறார். வீட்டுக்கு வரும் பிளம்பர் ரெஞ்சு போட்டு இன்னும் இறுக்கச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு இரண்டையும் செய்ய வேண்டாம். மீன் இன்னும் விடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அது பெரிய வசதி. தண்ணீரை இறக்கலாம், பிரிக்கலாம், மறுபடி பூட்டலாம், எந்த உயிருக்கும் ஆபத்தில்லை. இந்தக் கட்டத்தில் ஒழுகலை முறையாகச் சரிசெய்துவிட்டால் பல வருடம் அந்தப் பக்கம் திரும்ப வேண்டியதில்லை. மேலே எதையாவது பூசி மூடிவிட்டால், சரளையும் செடியும் மீனும் உள்ளே போன பிறகு, நீங்கள் ஊரில் இல்லாத ஒரு நாளில் அது திறந்துகொள்ளும்.

முதலில் கரண்ட். கேபினெட்டுக்குள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையில் கிடந்தால் உடனே எடுத்து, தொட்டியின் பக்கவாட்டில் உயரமாக மாட்டுங்கள். பம்பு ஒயர் ப்ளக்கை நோக்கி நேராக இறங்கக் கூடாது. ப்ளக்கைவிடக் கீழே ஒரு வளைவு தொங்கிவிட்டு மேலேறினால்தான் ஒயர் வழியாக வரும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டும், ப்ளக்குக்குப் போகாது. வீட்டில் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மீன் வாங்கும் முன் அதைப் போடுங்கள். ஒழுகும் தொட்டிக்குள் கைவிடும் ஒவ்வொரு முறையும் ப்ளக்கைக் கழற்றிவிட்டே கைவிட வேண்டும்.

இனி, ஏன் இறுக்கக் கூடாது என்கிறேன் என்று சொல்கிறேன். வீட்டுப் பிளம்பிங்கிலும் மீன் தொட்டியிலும் தண்ணீரின் அழுத்தம் ஒன்றல்ல. மொட்டை மாடித் தொட்டி குழாய்க்குப் பத்து மீட்டர் மேலே இருந்தால் குழாயில் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் இருக்கும். உங்கள் தொட்டியில் தண்ணீர் 45 சென்டிமீட்டர்தான். அடியில் உள்ள நிப்பிளுக்கு வரும் அழுத்தம் 0.05 பாரைக்கூடத் தொடாது. ரிட்டர்ன் பைப்பில் பம்பு ஒன்றரை மீட்டர் ஏற்றினாலும் 0.15 பார் அளவில்தான் இருக்கும். இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் ஒரு இணைப்பு ஒழுகுகிறது என்றால் அங்கே இறுக்கம் போதவில்லை என்பது பெரும்பாலும் காரணமாக இருக்காது. ஏதோ ஒன்று சரியாக உட்காரவில்லை: வாஷர் தப்பான பக்கத்தில் இருக்கும், அதன் அடியில் மணல் சிக்கியிருக்கும், பைப்பும் ஃபிட்டிங்கும் வேறு வேறு அளவாக இருக்கும், அல்லது பைப் கோணலாக இழுத்துக்கொண்டிருக்கும். இதில் எதையும் ரெஞ்சு சரிசெய்யாது. கண்ணாடித் துளையைச் சுற்றி அதிகம் இறுக்கினால் கண்ணாடியே விரிசல் விடும்.

கழற்றும் முன் ஒழுகும் இடம் எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தண்ணீர் சொட்டும் இடமும் கசியும் இடமும் பல நேரம் ஒன்றாக இருப்பதில்லை. மேலே வால்வில் கசிந்த தண்ணீர் பைப்பின் மேலேயே வழிந்து கீழே எல்போவில் வந்து சொட்டும். எல்போவைக் குறை சொல்லி வெட்டி எறிவோம், ஒழுகல் அப்படியே இருக்கும். பம்பை நிறுத்தி, எல்லா இணைப்பையும் பழைய துணியால் காயத் துடையுங்கள். பிறகு ஒவ்வொரு இணைப்புக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று என டிஷ்யூ பேப்பரைப் பைப்பைச் சுற்றி வளையமாகக் கட்டுங்கள். பத்து, இருபது நிமிடத்தில் எந்த வளையம் முதலில் நனைகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஒழுகல் மிக மெல்லியது என்றால் முகப் பவுடரைத் தூவுங்கள். ஈரம் ஓடிய தடம் கோடாகத் தெரியும். போர்வெல் தண்ணீர் ஊற்றியிருந்தால் இன்னும் சுலபம், ஓரிரு நாளில் ஒழுகல் காய்ந்த வழியில் வெள்ளை உப்புக் கோடு படிந்திருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் ஊற்றுக்கண் கிடைக்கும்.

இந்தச் சோதனையை இரண்டு கட்டமாகச் செய்ய வேண்டும். பம்பு நின்றிருக்கும்போதும் ஒழுகினால், எப்போதும் தண்ணீர் நிற்கும் பகுதியில் பழுது: நிப்பிள், ஓவர்ஃப்ளோ பெட்டி, கண்ணாடி மூட்டு. பம்பு ஓடும்போது மட்டும் ஒழுகினால் ரிட்டர்ன் வழியிலோ, தண்ணீர் சம்புக்கு இறங்கும் டிரெயின் பைப்பிலோ பழுது. டேங்க் நிப்பிள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. தொட்டியின் சிலிக்கான் மூட்டில் கசிந்த தண்ணீர் அடிக்கண்ணாடியின் கீழ்ப்பக்கமாகவே ஊர்ந்து வந்து நட்டின் விளிம்பில் சொட்டலாம். அடிக்கண்ணாடியின் ஓரங்களை விரலால் தடவிப் பாருங்கள். ஓரம் உலர்ந்து, நட்டைச் சுற்றி மட்டும் ஈரம் என்றால் நிப்பிள்தான்.

சரி, உங்கள் முதல் ஒழுகலுக்கு வருவோம். மூன்றில் முக்கியமானது இதுதான், இதற்குத்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

டேங்க் நிப்பிள் எப்படித் தண்ணீரைத் தடுக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அதில் அகலமான தலை ஒன்று, மரை போட்ட உடம்பு ஒன்று, நட்டு ஒன்று, ரப்பர் வாஷர் ஒன்று. தடுப்பது ரப்பர் மட்டும்தான். நட்டின் மரைக்குத் தண்ணீரைத் தடுக்கும் வேலையே கிடையாது, ரப்பரைக் கண்ணாடியோடு அழுத்திப் பிடிப்பதுதான் அதன் வேலை. அதனால் ரப்பர் இருக்க வேண்டிய இடம் தண்ணீர் இருக்கும் பக்கம், அதாவது தொட்டிக்கு உள்ளே, தலைக்கும் கண்ணாடிக்கும் நடுவில். வெளியே நட்டின் பக்கம் மட்டும் ரப்பரைப் போட்டால், தண்ணீர் கண்ணாடித் துளைக்குள் இறங்கி, மரையின் பள்ளம் வழியாகச் சுற்றி வந்து நட்டுக்குக் கீழே சொட்டும். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே இந்த அறிகுறிதான். சின்டெக்ஸ் தொட்டிக்குப் பூட்டும் பழக்கத்தில் ரப்பரை வெளிப்பக்கம் மாட்டிவிடுவது நிறைய நடக்கிறது. நட்டுக்கு அடியில் ரப்பர் இருந்தால் இன்னொரு தொல்லை, நட்டைத் திருகும்போது ரப்பரும் கூடவே திருகிக்கொண்டு மடியும். அங்கே வழுக்கும் பிளாஸ்டிக் வாஷர்தான் சரி.

கழற்றுவதற்கு முழுத் தொட்டியையும் காலி செய்யத் தேவையில்லை. துளை ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள் இருப்பதால் பம்பை நிறுத்தி, பெட்டிக்குள் இருக்கும் தண்ணீரை மட்டும் டியூப் போட்டு உறிஞ்சி எடுத்தால் போதும். பெட்டியின் சுவர் முக்கியத் தொட்டியின் தண்ணீரைத் தடுத்து நிறுத்தும். பெட்டியில் நீர்மட்டம் மறுபடி ஏறினால் பெட்டியின் சிலிக்கானும் கசிகிறது என்று பொருள். அதனால் கேடில்லை, ஆனால் அப்போது தொட்டி நீரைப் பாதியாவது இறக்கிவிட்டு வேலை செய்வது நிம்மதி.

நட்டு எந்தப் பக்கம் திரும்பினால் கழலும் என்று முதலில் பாருங்கள். இறக்குமதி நிப்பிள்கள் சிலவற்றில் நட்டு இடக்கை மரை, வழக்கத்துக்கு எதிராகத் திரும்பும். தெரியாமல் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக் கண்ணாடியை உடைத்தவர்கள் உண்டு. நட்டுக்கு வெளியே தெரியும் மரை எந்தப் பக்கம் சாய்ந்து ஏறுகிறது என்று கவனித்தால் புரிந்துவிடும்.

கழற்றியதும் நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும். கண்ணாடித் துளையின் ஓரம், ரப்பர், நிப்பிளின் தலை, நட்டு உட்காரும் இடம். துளை போடும்போது ஓரத்தில் சிறு சிறு சில்லுகள் தெறிப்பது சகஜம். அந்தச் சில்லுப் பள்ளம் ரப்பரின் அகலத்துக்குள் அடங்கினால் கவலையில்லை. ரப்பரின் வெளி விளிம்பைத் தாண்டிப் போயிருந்தால் எத்தனை முறை பூட்டினாலும் ஒழுகும். அப்போது அகலமான தலையும் அகலமான ரப்பரும் உள்ள நிப்பிள்தான் வழி. துளையிலிருந்து ஒரு மயிரிழைக் கீறல் கண்ணாடிக்குள் ஓடுவது தெரிந்தால், அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும் வேலையை நிறுத்திவிட்டு மொத்தத் தண்ணீரையும் இறக்குங்கள். அந்தக் கண்ணாடியை மாற்றத்தான் வேண்டும். நிரம்பிய உங்கள் தொட்டியில் ஏறத்தாழ 250 லிட்டர் தண்ணீர் இருக்கும், அதைக் கீறல் விழுந்த கண்ணாடியை நம்பி வைக்க முடியாது.

ரப்பரை விரலால் அழுத்துங்கள். நகம் பதியும் அளவுக்கு மென்மையாக இருக்க வேண்டும். ஹார்டுவேர் கடை நிப்பிளோடு வரும் கறுப்பு வாஷர் சில நேரம் செருப்பு அடி மாதிரி கெட்டியாக இருக்கும். சுவரில் அழுத்தம் கொடுத்தால் நெளியும் பிளாஸ்டிக் தொட்டிக்கு அது சமாளித்துவிடும், நெளியவே நெளியாத கண்ணாடிக்குச் சரிவராது. அதே அளவில் மென்மையான சிலிக்கான் ரப்பர் வாஷர் வாங்குங்கள். சென்னையில் இருந்தால் கொளத்தூர் மீன் மார்க்கெட் பக்கம் தேடலாம். இல்லையென்றால் சிலிக்கான் ரப்பர் ஷீட் வாங்கி வட்டமாக வெட்டிக்கொள்ளலாம். மூன்று மில்லிமீட்டர் கனம் போதும். நிப்பிள் தலையின் அடிப்பக்கத்தில் அச்சு வார்க்கும்போது விட்ட பிசிர் நீட்டிக்கொண்டிருந்தால் பிளேடால் சீவி, மெல்லிய உப்புத்தாளால் சமப்படுத்துங்கள். தலையில் பொறித்த எழுத்து ரப்பர் உட்காரும் வளையத்தில் இருந்தாலும் அந்தப் பள்ளம் வழியாகத் தண்ணீர் போகும்.

கண்ணாடியை இரு பக்கமும் துடைத்து, பழைய சிலிக்கான் ஒட்டியிருந்தால் பிளேடால் சுரண்டி எடுங்கள். ரப்பரையும் கண்ணாடியையும் வெறும் தண்ணீரால் ஈரமாக்கிவிட்டு நிப்பிளைத் துளையின் நடுவில் நிறுத்துங்கள். துளை பெரிதாக இருந்து நிப்பிள் ஒரு பக்கம் ஒதுங்கினால் எதிர்ப்பக்கம் ரப்பரின் பிடிமானம் குறைந்துவிடும். உள்ளே ஒருவர் தலையைத் திரும்பாமல் பிடித்துக்கொள்ள, வெளியே நட்டைக் கையால் இறுகும்வரை இறுக்குங்கள். அதற்குமேல் கால் சுற்று. போதும். ரப்பரின் விளிம்பு எல்லாப் பக்கமும் ஒரே அளவாக லேசாகப் பிதுங்கியிருக்க வேண்டும். ஒரு பக்கம் துருத்திக்கொண்டு வெளியே வந்தால் அதிகம் இறுக்கியிருக்கிறீர்கள், தளர்த்திவிட்டு மறுபடி நடுவில் வையுங்கள். தண்ணீர் நிரப்பியபின் ஓரிரு சொட்டு வந்தால் இன்னொரு கால் சுற்று தரலாம். அதற்கும் நிற்கவில்லையா, மறுபடி கழற்றிக் காரணம் தேடுங்கள்.

ரப்பருக்கு மேலே சிலிக்கான் பேஸ்ட் பூசலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. ஈரச் சிலிக்கான் எண்ணெய் போல வழுக்கும், இறுக்கும்போது ரப்பர் நழுவி வெளியே வந்துவிடும். பிவிசி மேல் சிலிக்கானுக்கு உறுதியான பிடிமானமும் கிடையாது, கண்ணாடியோடு ஒட்டும், பிளாஸ்டிக்கை விட்டு உரிந்து வரும். அடுத்த முறை நிப்பிளைக் கழற்றும்போது கண்ணாடியோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். சில்லு பெரிதாக இருந்து வேறு வழியில்லாதபோது மட்டும் மெல்லியதாகப் பூசலாம். அப்போதும் குளியலறைக்கான பூஞ்சைத் தடுப்பு சிலிக்கானை எடுக்காதீர்கள், அதில் உள்ள மருந்து மீனுக்கு நஞ்சு. மீன் தொட்டிக்கானது என்று குறிப்பிட்ட, காடி வாசனை அடிக்கும் கலப்பில்லாத சிலிக்கான்தான் வேண்டும். பூசியபின் வாசனை முழுக்கப் போகும்வரை தண்ணீர் விடக் கூடாது.

இரண்டாவது, ஒட்டிய எல்போ. இங்கே நல்ல செய்தி இல்லை. சொல்யூஷன் போட்டு ஒட்டிய இணைப்பு ஒழுகினால் வெளியிலிருந்து சரிசெய்ய முடியாது, வெட்டி மாற்றத்தான் வேண்டும். பிவிசி சொல்யூஷன் கோந்து கிடையாது. பைப்பின் வெளிப்பரப்பையும் ஃபிட்டிங்கின் உட்பரப்பையும் கரைத்து, இரண்டையும் ஒன்றோடொன்று உருக வைப்பது அதன் வேலை. விளிம்பில் வெளியே எவ்வளவு பூசினாலும் உள்ளே உருகாத இடத்துக்கு அது போய்ச் சேராது. ஈரத்தின் மேல் பூசினால் அதுவும் சரியாகப் பிடிக்காது. எம்சீலும் அங்கே ஒரு தொப்பி போல உட்காரும், பம்பின் அதிர்வில் மெல்ல விட்டுவிடும். ராத்திரி பதினோரு மணிக்கு பைப் வெடித்து, காலையில் கடை திறக்கும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும் என்றால் எம்சீல் வைக்கலாம். அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

புது எல்போ வாங்கும் முன், உங்கள் பைப்பின் வெளி விட்டத்தை அளந்து பாருங்கள். நம் ஊரில் ஒழுகும் ஒட்டுக்குக் காரணம் பாதி இதில்தான் இருக்கிறது. கடைகளில் இரண்டு வகை பிவிசி பைப் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். ஒன்று மில்லிமீட்டர் கணக்கு: 20, 25, 32, 40, 50 என்று போட்டிருந்தால் அதுவே அதன் வெளி விட்டம். விவசாயத்துக்கும் போர்வெல் லைனுக்கும் போடும் சாம்பல் பைப் இது. மற்றது அங்குலக் கணக்கு, வீட்டு பிளம்பிங்குக்கு வரும் வெள்ளை யுபிவிசி. இதில் அரை அங்குலப் பைப்பின் வெளி விட்டம் 21.3 மில்லிமீட்டர், முக்கால் அங்குலம் 26.7, ஒரு அங்குலம் 33.4. பேச்சு வழக்கில் 25 எம்எம்மையும் முக்கால் இன்ச் என்றுதான் சொல்வார்கள், 32 எம்எம்மையும் ஒரு இன்ச் என்றுதான் சொல்வார்கள். ஆனால் 25 எம்எம் பைப்பை முக்கால் இன்ச் எல்போவில் செருகினால் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் மேல் ஆட்டம் இருக்கும். அந்த ஆட்டத்தைச் சொல்யூஷனால் நிரப்பி ஒட்டிவிட்டுப் போவார்கள். சில நாள் நிற்கும், காய்ந்து சுருங்கியதும் ஒழுகும். ஒட்டாமல் செருகிப் பார்த்தால் சரியான அளவு எது என்று தெரியும்: ஃபிட்டிங்குக்குள் பைப் மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்குக்குள் இறுகி நிற்க வேண்டும். அடிவரை தளதளவென்று போனால் அந்த ஜோடி வேண்டாம். இளமஞ்சள் நிற சிபிவிசி (சுடுதண்ணீர் பைப்) வீட்டில் மிச்சம் இருக்கிறதே என்று இடையில் சேர்க்காதீர்கள், அதன் அளவும் வேறு, சொல்யூஷனும் வேறு.

வெட்டும்போது எல்போவின் இரு பக்கமும் நேரான பைப் கொஞ்சம் மிஞ்சும்படி வெட்டுங்கள். அங்கே கப்ளிங் போட்டுப் புதுத் துண்டைச் சேர்க்கலாம். வெட்டியபின் கப்ளிங்குக்கு இடமில்லாத அளவுக்கு நெருக்கமாக இருந்தால் அந்தப் பகுதியையே அடுத்த இணைப்புவரை எடுத்துவிடுவது மேல். கூடவே ஒரு யூனியனையும் (நட்டைத் திருகிப் பிரிக்கும் இணைப்பு) வைத்துவிடுங்கள். புதிதாகக் கட்டும் எந்த ரிட்டர்ன் லைனிலும் பம்புக்கு மேலே ஒன்று, தொட்டிக்குக் கீழே ஒன்று என இரண்டு யூனியன் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன். அடுத்த முறை ஹாக்சா தேட வேண்டியிருக்காது.

ஒட்டும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெட்டு நேராக இருக்கட்டும். உள்ளும் புறமும் பிசிரை எடுத்து, வெளி விளிம்பைக் கொஞ்சம் சாய்வாகச் சீவுங்கள். கூர் விளிம்பு அப்படியே இருந்தால் செருகும்போது சொல்யூஷனை வழித்துத் தள்ளிவிடும். ஃபிட்டிங்கின் ஆழத்தை அளந்து பைப்பில் பேனாவால் கோடு போடுங்கள். பைப்பில் ஒரு சொட்டு ஈரம்கூட இருக்கக் கூடாது. செங்குத்தான லைனில் மேலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தால் ஒட்டு பிடிக்காது, முழுக்க வடிய விடுங்கள். டப்பாவில் சொல்யூஷன் ஜெல்லி போலக் கட்டியாகியிருந்தால் புதுசு வாங்குங்கள். பைப்பில் தாராளமாக, ஃபிட்டிங்குக்குள் மெல்லியதாகப் பூசி, உடனே செருகி, கால் சுற்று திருப்பி, கோடுவரை போனதும் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ஃபிட்டிங்கின் உட்புறம் லேசாகச் சரிந்து குறுகுவதால் பிடியை விட்டால் பைப் தானே கொஞ்சம் வெளியே வரும், பல ஒட்டுகள் கெடுவது அந்த அரை நிமிடத்தில்தான். இந்த அழுத்தத்துக்குச் சில மணி நேரமே போதும் என்றாலும் ஒரு நாள் முழுக்க விடுங்கள், மழைக்காலத்தில் இன்னும் கொஞ்சம் கூட. பிறகு லைனில் தண்ணீர் ஓட்டி, அந்தத் தண்ணீரை ஒருமுறை கொட்டிவிடுங்கள். கரைப்பான் மிச்சம் மீனுக்கு ஆகாது.

மூன்றாவது, பால் வால்வின் மரை. அங்கே எம்டிஏ (ஒரு பக்கம் பைப்பில் ஒட்டி, மறுபக்கம் வெளிமரை உள்ள ஃபிட்டிங்) போட்டு டெஃப்லான் டேப் சுற்றியிருப்பார்கள். டேப்பைச் சுற்றிய திசை தப்பாக இருந்தால் பூட்டும்போதே அது சுருண்டு வெளியே வந்துவிடும். மரையின் வாய் உங்களைப் பார்த்து இருக்கும்படி பிடித்துக்கொண்டு, கடிகார முள் போகும் திசையில் நான்கைந்து சுற்று இழுத்துப் பிடித்துச் சுற்றுங்கள். முதல் மரையை விட்டுவிட்டு ஆரம்பித்தால் டேப் துணுக்கு உள்ளே போய்ப் பம்பில் சிக்காது. கையால் இறுகும்வரை பூட்டி, அதன்பின் ஸ்பேனரால் ஒரு சுற்று, அதிகம் போனால் ஒன்றரை. வால்வின் கைப்பிடி நேராக வரவில்லை என்று கொஞ்சம் பின்னால் திருப்பினீர்களானால் டேப் விட்டுப்போகும். அப்போது கழற்றிப் புது டேப்தான் சுற்ற வேண்டும், முன்னால் மட்டுமே திருப்பிச் சரிசெய்யலாம்.

உங்கள் வால்வு இறக்குமதி என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் ஒரு சந்தேகம். நம் ஃபிட்டிங்குகளின் மரை பிஎஸ்பி என்ற பிரிட்டிஷ் வகை, 55 பாகைக் கோணம். அமெரிக்கச் சரக்கில் என்பிடி என்ற வகை, 60 பாகை. அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 மரை என்பதால் ஒன்றுக்குள் ஒன்று நன்றாகவே ஏறும், பூட்டியது போலவும் இருக்கும், ஆனால் மரையின் சரிவு பொருந்தாததால் நடுவில் இடைவெளி விட்டு ஒழுகும். ஒரு அங்குலத்தில் பிஎஸ்பி 11, என்பிடி 11.5. சில சுற்றிலேயே சிக்கிக்கொள்ளும், அதனால் அங்கே ஏமாற வாய்ப்பில்லை. முக்கால் அங்குலத்தில் டேப்பை எத்தனை முறை மாற்றியும் ஒழுகினால் இதைச் சந்தேகப்படுங்கள். வால்வின் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, இரண்டில் ஒன்றை மாற்றிவிடுங்கள்.

பெண் மரை (உட்பக்க மரை) உள்ள பிளாஸ்டிக் ஃபிட்டிங்கை உற்றுப் பாருங்கள். ஆப்பு அடித்தது போல உள்ளே இறுகும் ஆண் மரை அதைப் பிளக்கும், நீளவாக்கில் மயிரிழை விரிசல் விட்டிருக்கும். பிளம்பர் ஏற்கெனவே ரெஞ்சு போட்டிருந்தால் இது நடந்திருக்க வாய்ப்பு அதிகம். விரிசல் இருந்தால் மாற்றுவதுதான். டேப்போடு சணலும் பெயின்ட்டும் சேர்த்துப் பூட்டும் பழைய பழக்கத்தை மீன் தொட்டிப் பக்கம் கொண்டுவர வேண்டாம். பித்தளை ஃபிட்டிங்கும் வேண்டாம். அதிலிருந்து இறங்கும் செம்பு இறாலுக்கும் நத்தைக்கும் மிகச் சிறிய அளவிலேயே நஞ்சு.

யூனியன் மட்டும் விதிவிலக்கு, அதன் பெரிய நட்டில் டேப் சுற்றவே கூடாது. அங்கே தடுப்பது ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். ஓ-ரிங் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்து, சுத்தமாக, துளி சிலிக்கான் கிரீஸ் தடவியிருந்தால் கை இறுக்கமே போதும். வாசலின் தடவாதீர்கள், சில வகை ரப்பர் அதில் ஊதிவிடும்.

இவ்வளவும் சரிசெய்தபின் ஒருமுறை யூனியனைக் கழற்றிப் பாருங்கள். நட்டைத் தளர்த்தியதும் இரண்டு பாதியும் ஒன்றையொன்று விட்டு விலகித் துள்ளினால், பைப் வலிந்து வளைத்துப் பூட்டப்பட்டிருக்கிறது. அந்த இழுவிசை இரவும் பகலும் நிப்பிளின் ரப்பரை ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டே இருக்கும். நிப்பிள் ஒழுகலுக்கு இதுவும் ஒரு காரணம், பலர் இதைப் பார்ப்பதே இல்லை. பைப் தானாக நேருக்கு நேர் வந்து நிற்கும்படி துண்டுகளை வெட்டுங்கள். பைப்பின் கனத்தைக் கேபினெட் சுவரில் கிளாம்ப் அடித்துத் தாங்குங்கள், நிப்பிளில் தொங்கவிடாதீர்கள். கேபினெட் பலகையில் பைப் போகும் துளை பெரிதாக இருக்கட்டும். தண்ணீர் நிரம்பியதும் ஸ்டாண்ட் கொஞ்சம் அமரும், துளை இறுக்கமாக இருந்தால் பலகை பைப்பை அழுத்தும். பம்பிலிருந்து முதல் ஒரு ஜாணுக்கு ரப்பர் அல்லது சிலிக்கான் ஹோஸ் போட்டால் அதிர்வு கெட்டிப் பைப்புக்கு ஏறாது. அந்த ஹோஸைச் சூடான தண்ணீரில் முக்கி மென்மையாக்கி, முனை முழுக்க ஏற்றி, கிளிப் போடுங்கள். சம்புக்குள்ளேயே கிடக்கும் பம்பின் வாயில் கொஞ்சம் கசிந்தால் அதற்காக நேரம் செலவழிக்க வேண்டியதில்லை, அந்தத் தண்ணீர் சம்பிலேயே விழுகிறது.

எல்லாம் பூட்டியபின் சரளை போடாமல், மீன் விடாமல், குறைந்தது மூன்று நாள் ஓட விடுங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே செய்தித்தாள் விரித்து வையுங்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் காய்ந்தபின் சுருக்கம் நிற்கும். ஒரு விநாடிக்கு ஒரு சொட்டு என்பது கேட்கச் சிறியதுதான், ஒரு நாளில் நான்கு லிட்டருக்கு மேல் போகும். கேபினெட்டின் பிளைவுட் ஊதிப்போக அது போதும்.

அந்த மூன்று நாளில் கரண்ட் போவதையும் நீங்களே செய்து பாருங்கள். பம்பின் ப்ளக்கைப் பிடுங்கினால் ரிட்டர்ன் பைப் வழியாகத் தொட்டித் தண்ணீர் தலைகீழாகச் சம்புக்கு இறங்கும். உங்கள் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் நீர்மட்டம் என்பது ஐந்தரை லிட்டர். ரிட்டர்ன் பைப்பின் வாய் மட்டத்துக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே இருந்தால் ஐம்பது லிட்டருக்கு மேல் கீழே வரும். சம்பில் அதற்கு இடமில்லை என்றால் வீடு முழுக்கத் தண்ணீர், காலையில் எழுந்து எந்த இணைப்பு விட்டது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். ரிட்டர்ன் பைப்பில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மூன்று நான்கு மில்லிமீட்டரில் ஒரு துளை போட்டால் மட்டம் அங்கே இறங்கியதும் காற்று புகுந்து உறிஞ்சல் அறுந்துவிடும். அந்தத் துளையில் பாசி அடைக்காமல் அவ்வப்போது குத்திவிட வேண்டும். தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வை மட்டும் நம்ப வேண்டாம், ஒரு குட்டி நத்தை போதும் அதை மூடவிடாமல் செய்ய. எல்லாத் தண்ணீரும் இறங்கி நின்றபின் சம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, அது விளிம்புக்குப் போதுமான அளவு கீழே இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பம்பு ஓடும்போது நிற்கும் மட்டத்துக்கும் ஒரு கோடு போடுங்கள், தண்ணீர் ஊற்றும்போது அதைத் தாண்டக் கூடாது.

இந்த இரண்டாவது கோடு நாளுக்கு நாள் கீழே இறங்கும், செய்தித்தாள் எல்லாம் காய்ந்திருக்கும். அப்போது பயப்பட வேண்டாம். மூடியில்லாத தொட்டியில், அதுவும் ஃபேன் ஓடும் அறையில், வெயில் காலத்தில் ஆவியாகிப் போவது கணிசமான தண்ணீர், சம்ப் வைத்தால் அந்தக் குறைவு முழுக்கச் சம்பில்தான் தெரியும். சந்தேகம் தீர, வாய் அகன்ற பாத்திரம் ஒன்றில் தண்ணீர் நிரப்பித் தொட்டி பக்கத்திலேயே வைத்து, அதில் ஒரு நாளில் எத்தனை மில்லிமீட்டர் குறைகிறது என்று அளங்கள். சம்பில் குறைந்த தண்ணீரை லிட்டரில் கணக்கிட்டு, தொட்டி, சம்ப் இரண்டின் மொத்த நீர்ப்பரப்பால் (சதுர மீட்டரில்) வகுத்தால் வரும் மில்லிமீட்டர், பாத்திரத்தில் குறைந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம், ஓடும் தண்ணீர் வேகமாக ஆவியாகும். பல மடங்கு கூடுதலாக இருந்தால் மட்டும் மறுபடி டிஷ்யூ பேப்பரை எடுங்கள்.